மூணாவது கூப்பாடு

அவர் வெற்றிலை போடமாட்டார். பல் போன கிழவர்கள்கூட இடித்துப் போட்டுக்கொள்கிற ஊரில் இவருக்கு மட்டும் என்ன விரதம் என்று கேட்டால், "வாய் நெறையா வெத்தலய வெச்சுக்கிட்டு, ஆராச்சும் கூப்புட்டா எப்புடீங்க பதில் சொல்றது?" என்பார். அவர் வீட்டு வாசலில் நிலை உண்டு, கீல் உண்டு, கதவு கிடையாது. கழற்றி ஆட்டுப்பட்டிக்கு அடைப்பாகச் சாத்தியிருந்தார். கூப்பிட்டால் கதவைத் திறக்கிற நேரம் மிச்சமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு முடிவெட்ட வருகிறவரிடம் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் முடிந்து கத்தி இடது கன்னத்துக்கு வருகிற நேரம், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்மணி "ஏனுங்க" என்று தன் புருஷனைக் கூப்பிட்டாள். இவர் "வாரேனுங்க" என்று சோப்பு நுரையோடு எழுந்து போய்விட்டார். அங்கே போய், "கூப்புட்டீங்களா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்து, திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள். கத்திக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த ஞாயிறு வரைக்கும் மனிதர் ஒரு பக்கம் மாப்பிள்ளையாகவும் இன்னொரு பக்கம் சாமியாராகவும் அலைந்தார். நான் எந்தப் பக்கம் நிற்கிறேனோ அதற்கேற்ப விசாரிப்பேன். வலது பக்கம் என்றால் கல்யாணம் எப்போ, இடது பக்கம் என்றால் காசிக்கு எப்போ. அவர் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

தூரத்தில் எங்கோ கேட்கிற பஸ் ஹாரனுக்கும் "வாரேன்" என்பார். குயிலுக்கும் சொல்வார். மாதா கோயில் மணி அடித்தால் போய் வாசலில் நின்று, "கூப்புட்டீங்களா?" என்பார். ஜெபம் சொல்கிறவர் இல்லையென்று தலையசைத்தால், "செரிங்க" என்று திரும்பிவிடுவார். கோபம் கிடையாது, சலிப்பு கிடையாது. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். தலையில் துண்டு, இடுப்பில் அருவாள், பின்னால் ஏழெட்டு ஆடு. ஆட்டுக்குட்டியை விரட்டும்போதுகூட "அக்கட்டால போங்க" என்று, அந்தப் பக்கம் போகச் சொல்லி மரியாதையாகத்தான் விரட்டுவார். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. முதல் "ஏனுங்க"விலேயே வந்து நிற்கிற ஆளுக்குப் பெயர் எதற்கு?

இதில் என்ன வேடிக்கை என்று உங்களுக்குத் தோன்றலாம். வேடிக்கை அந்த ஊரில் இருந்தது.

ஆனைமலைக்குத் தெற்கே, தார் ரோடு மனசு மாறித் திரும்பிவிடுகிற இடத்திலிருந்து மண்தடத்தில் நாலு கிலோமீட்டர். நாற்பது வீடு, ஒரு மாரியம்மன், ஓடு வேய்ந்த ஒரு மாதா கோயில், ஒரு பால் சொசைட்டி. ஊர்க்காரர்களின் பாட்டன்கள் காடு வெட்டக் கூட்டிவரப்பட்ட கூலிகள். மரம் போயிற்று, வெட்டச் சொன்னவர்களும் போனார்கள், கூலிகள் மட்டும் நின்றுவிட்டார்கள். கீழே பெரிய தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போவார்கள். மேலே, ஊருக்கும் மலைக்கும் நடுவே ஓடுகிற ஓடையின் கரையில் ஆளுக்குக் கொஞ்சம் கடலைக்காடு வைத்திருந்தார்கள். ஓடையை அங்கே பள்ளம் என்பார்கள். பள்ளத்துக்கு அக்கரையில் மூங்கில் காடு, அதற்குமேல் மலை. யாருக்கும் பிறந்த வருஷம் தெரியாது. "மூங்கி பூத்தப்ப எனக்குப் பால் பல்லு விழுந்துச்சுங்க" என்பார்கள். மூங்கில் நாற்பது வருஷத்துக்கு ஒருதரம்தான் பூக்கும், பூத்தால் செத்துப்போகும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். வயசைச் சொல்ல இதைவிட மோசமான காலண்டர் உலகத்தில் இருக்க முடியாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற உத்தியோகம். மொபெட்டின் பின்னால், புகை விடுகிற ஒரு குளிர் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். டப்பாவுக்குள் திரவ நைட்ரஜன், அதற்குள் முன்பின் பார்த்திராத காளைகளின் வாரிசுகள். ஊருக்கு நான் 'ஊசிக்காரத் தம்பி'.

முதல் நாள் ஒரு வீட்டு வாசலில் நின்று "ஏனுங்க" என்றேன். உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டதே தவிரப் பதில் இல்லை. சரி, வசூலுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்கள் போல என்று மூன்றாவது தடவை கூப்பிட்டேன். உடனே கதவு திறந்து, புருஷன், பொண்டாட்டி, மாமியார் மூவரும் ஒன்றாக "வாங்க வாங்க" என்றார்கள். மூன்று பேரும் கதவுக்குப் பின்னாலேயேதான் நின்றிருக்கிறார்கள்.

சொசைட்டி செக்ரட்டரி விளக்கினார். ஐம்பது வயதுக்காரர், எப்போதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பவர். "மொதக் கூப்பாடு மலையோடதுங்க தம்பி. ரெண்டாவது செத்துப்போனவிய கூப்புடறது. மூணாவது கூப்புட்டாத்தான் மனுசன்."

காடு வெட்டின காலத்தில் வந்த பழக்கமாம். அடர்ந்த காட்டில் ஆளுக்கு ஆள் தெரியாது, சத்தம்தான் அடையாளம். மலை எதிரொலிக்கும். போதாததற்கு மூங்கில் காட்டில் நீளவால் கரிச்சான் என்று ஒரு குருவி. அணில், பருந்து, கண்டக்டர் விசில், எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். சத்தத்தை நம்பிப் போனவர்கள் சிலர் திரும்பவில்லை. அதனால் மூன்று தடவை. பள்ளிக்கூட வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையையும் மூன்று தடவை கூப்பிட்டு ஆஜர் போட்டு முடிப்பதற்குள் சத்துணவு மணி அடித்துவிடும். இன்றைக்கு அந்த ஊரில் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. முதல் இரண்டு அழைப்பை இன்றைக்கும் எடுப்பதில்லையாம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் அவர் ஒருவர் மட்டும், மலையோ செத்தவர்களோ மனுசனோ, முதல் கூப்பாட்டுக்கே "வாரேன்" என்று கிளம்புகிறவர். ஊரும் சும்மா இருக்காது. அம்மியை நகர்த்த, தண்ணீர்ச் சருவத்தைத் தூக்கித் தலையில் வைக்க, கன்றுக்குட்டியைப் பிடிக்க, ஒன்றுமில்லாவிட்டால் மணி என்ன என்று கேட்க. கடிகாரமே கட்டாத மனிதரிடம் மணி கேட்பார்கள். அவரை ஊர் ஓசி வேலைக்காரனாக வைத்திருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. கோபம் இருந்ததே தவிர, நானும் கூப்பிடாமல் இல்லை. சைக்கிள் கடைப் பக்கமிருந்து ஒன்று, சொசைட்டிக்குப் பின்னாலிருந்து ஒன்று என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, அவர் நடுவில் நின்று திரும்புவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சும்மா இருக்கத் தெரியாத வயசு. இப்போதும் தெரியவில்லை, ஆனால் இப்போது முட்டி வலிக்கிறது.

எனக்கு ஒரு கெட்ட திறமை உண்டு. குரல் மாற்றிப் பேசுவேன். கிணத்துக்கடவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் குரலில் பாதிப் பேரைத் திட்டியிருக்கிறேன். ஒரு மாசி மாதம், பெண் குரலில் அவரைக் கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. நாலு நாள் மத்தியான வேளையில் அக்கரை மூங்கில் காட்டுக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். ஒத்திகைக்குத் துணை அந்தக் கரிச்சான் மட்டும்தான். ஐந்தாம் நாள், அவர் இக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, நல்ல குடும்பத்துப் பெண் குரலில் ஒரே ஒரு "ஏனுங்க" கொடுத்தேன்.

"வாரேன்" என்றார். 'ங்க' இல்லை. ஆட்டுக்குட்டிக்கு மரியாதை கொடுக்கிற மனிதர் வெறும் "வாரேன்" என்றார்.

ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஆள் மட்டும் நடக்கிற கட்டைப் பாலம் இருக்கிற இடம் ஐம்பது அடிதான். அதைக்கூடச் சுற்றவில்லை. நேராகப் பள்ளத்தில் இறங்கினார். தண்ணீர் முழங்கால், தொடை, இடுப்பு. நட்ட நடுவில் ஒரு கணம் நின்றார். பிறகு மீதியையும் தாண்டி ஏறினார். என் பாறைக்குப் பத்தடி தள்ளி நின்று மூங்கிலைப் பார்த்துக் கேட்டார்: "கூப்புட்டயா?"

பாறை இடுக்கு வழியாக அந்த முகத்தைப் பார்த்தேன். சிரிப்பதற்காக வாயைத் திறந்து வைத்திருந்தேன், திறந்தபடியே இருந்துவிட்டது. அவர் முகத்தில் பயம் இல்லை, சந்தோஷமும் இல்லை. ரொம்ப நேரம் வரிசையில் நின்றவன், தன் முறை வந்ததும் முகத்தை ஒழுங்கு பண்ணிக்கொள்வானே, அந்த முகம். கொஞ்ச நேரம் நின்றார். "செரி" என்றார். திரும்பிப் போனார். அவர் போய் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம்தான் நான் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். கால் மரத்துப்போனதால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் செக்ரட்டரியிடம் இதை ஒரு ஜோக்காகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் அவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு செக்ரட்டரி சொன்னது இது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மனைவி இருந்தாள். இரண்டு பேரும் ஒரு நாள் சீமாறுப் புல் அறுக்கப் போனார்கள். அவள் அக்கரையில் மூங்கில் ஓரம், அவர் இக்கரையில். மத்தியானம் அவள் "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். இவர் நிமிர்ந்து நின்றார். இரண்டாவது தடவை கூப்பிட்டாள். ஊர் வழக்கப்படி இவர் மூன்றாவது கூப்பாட்டுக்காக நின்றார், கையில் அருவாளோடு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடி. மூன்றாவது வரவே இல்லை. சந்தேகப்பட்டு அவர் பள்ளத்தைத் தாண்டிப் போனபோது, ஒற்றை யானை போய்விட்டிருந்தது. அவள் மூங்கில் புதருக்கு அடியில் கிடந்தாள்.

"அவரு செஞ்சது தப்பில்லீங்க தம்பி" என்றார் செக்ரட்டரி. "நானா இருந்தாலும் நின்னுதான் இருப்பேன். இந்த ஊர்ல ஆரா இருந்தாலும்." பிறகு, "ஊரே அவர வேல வாங்குதுன்னு போன மாசம் கோவிச்சுக்கிட்டீங்கல்ல? நாங்க ஆராச்சும் கூப்புட்டுக்கிட்டே இருந்தாத்தான் அவரு அக்கட்டால காது வெக்கமாட்டாரு" என்றார்.

எங்கள் பக்கத்தில் பொண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. "ஏனுங்க" என்பாள். யாரும் யாரையும் கூப்பிடுவது அதே "ஏனுங்க"தான். கோயம்புத்தூர் ஜில்லா பூராவும் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் "ஏனுங்க". அத்தனையிலும் எது அவளுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லாவற்றுக்கும் போனார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் அவரைப் பார்த்ததும் என் வாய் தானாக, "என்னுங்க, காசிக்கு எப்போ?" என்றது. அவரும் சிரித்தார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

இந்த இடத்தில் என் வீரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு யானை என்றால் ஆகாது. கோயில் யானையிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொன்னாலே, நான் ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கிறேன் என்று நழுவிவிடுவேன். அந்த ஊரில் யானை என்றே சொல்லமாட்டார்கள், 'பெரியவிய' என்பார்கள். பெரியவிய நேற்று வந்தாங்க, பெரியவிய பலாப்பழம் சாப்பிட்டாங்க. சம்பந்தி வீட்டார் வந்துபோன மாதிரி இருக்கும்.

சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. அக்கரையில் தனியாக இருந்த ஒரு தோட்டத்தில் ஊசி போட்டுவிட்டு, பாலத்தில் வண்டி ஏறாது என்று, கோடையில் கணுக்கால் அளவுக்கு வற்றியிருந்த பள்ளத்தைத் தாண்டும்போது, தண்ணீருக்கு நடுவே மொபெட் நின்றுவிட்டது. இறங்கி மிதித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் மூங்கில் முறிகிற சத்தம். நிமிர்ந்தால், இருபதடி தூரத்தில், நான் அதுவரை பாறை என்று நினைத்திருந்தது காதை ஆட்டியது.

ஒற்றை. தந்தம் ஒன்று நீளம், ஒன்று குட்டை. இதையெல்லாம் எப்படிக் கவனித்தேன் என்று கேட்காதீர்கள், உடம்பில் வேலை செய்தது கண் மட்டும்தான். ஓட நினைத்தேன், கால் பொதுக்குழுவைக் கூட்டி விவாதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் "ஏனுங்க" என்று கத்தினேன். கன்றுக்குட்டி இருமியது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டாவது சத்தத்துக்குத் தொண்டையில் ஈரம் இல்லை.

கரை மேட்டுக்கு அந்தப் பக்கம் கடலைக்காட்டில் ஐந்து பேர் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேடு மறைத்ததால் அவர்களுக்கு நானும் தெரியமாட்டேன், யானையும் தெரியாது. எனக்கு அவர்களுடைய தலைத்துண்டுகள் மட்டும் மேட்டுக்கு மேலே தெரிந்தன. என் சத்தம் கேட்டதும் ஐந்து தலைத்துண்டும் நிமிர்ந்தன. நிமிர்ந்து அசையாமல் நின்றன. நல்லவர்கள், அக்கறையோடு, என் இரண்டாவது கூப்பாட்டுக்கும் மூன்றாவது கூப்பாட்டுக்கும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வாரேனுங்க" என்று ஒரு குரல் வந்தது.

அவர் ஓடிவரவில்லை, நடந்து வந்தார். தண்ணீரில் இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். "முதுகக் காட்டாதீங்க தம்பி. என்ற கூடவே பொறத்தால வாங்க" என்றார். பிறகு யானையிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில், "நீங்க கூப்புடலீங்க சாமி. இவருதான் கூப்புட்டாரு. கூட்டிக்கிட்டுப் போயர்றேன்" என்றார்.

பின்பக்கமாகவே நடந்தோம். யானை வந்து மொபெட்டை ஒரு தட்டுத் தட்டியது. டப்பா மூடி திறந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது. அது தும்பிக்கையை இழுத்துக்கொண்டு, கௌரவம் பாதிக்கப்பட்டது போல மூங்கிலுக்குள் போய்விட்டது. ஆபீஸுக்கு நான் எழுதிய அறிக்கையில், ஊழியர் சமயோசிதமாகச் செயல்பட்டு வன விலங்கை விரட்டினார் என்று இருக்கும். என் பேண்ட் நனைந்திருந்தது. பள்ளத்துத் தண்ணீர் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

பின்னால் அந்த ஐந்து பேரும் வந்து வருத்தப்பட்டார்கள். "கேட்டுச்சுங்க தம்பி. ஒருக்காத்தான் கூப்புட்டீங்க" என்றார்கள்.

பாலத்துக் கட்டையில் உட்காரவைத்து அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பல் ஆடியதில் பாதி சட்டைக்குப் போயிற்று. அப்போதுதான் சொன்னேன்.

"மாசி மாசம் அக்கட்டால இருந்து கூப்புட்டது நானுங்க."

"தெரியுமுங்க."

"பாத்துட்டீங்களா?"

"பாக்கலீங்க. அவ இழுத்துக் கூப்புடுவா. ஏ...னுங்கன்னு. கடைசீல கொஞ்சம் கம்மிப்போகும். நீங்க வெட்டுனாப்புல கூப்புட்டீங்க. பாதிப் பள்ளத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏனுங்க மீதியத் தாண்டுனீங்க?"

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "வாரேன்னு சொல்லிப்போட்டனில்லீங்க."

மீதித் தண்ணீரையும் குடித்தேன். அவரே, ஊருக்குப் போன ஆள் எப்போது திரும்பும் என்று சொல்வது போல, "ரெண்டு தடவ கூப்புட்டாளுங்க. மூணாவது இன்னும் கூப்புடல" என்றார். அதற்குள் ஊருக்குள்ளே யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

அந்த வருஷமே எனக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் மாற்றல் வந்தது. வாங்கினேன் என்பதுதான் சரி. கிளம்புகிற அன்று மொபெட்டைத் திருப்பத்தில் நிறுத்தினேன். தூரத்தில் ஆடுகளோடு நின்றிருந்தார். கையைத் தூக்கினேன், அவர் பார்க்கவில்லை. ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கொடுத்தால் அவ்வளவு தூரம் வந்துவிடுவாரே என்று, கொடுக்காமலே வந்துவிட்டேன்.

மறு வருஷம் பொள்ளாச்சிச் சந்தையில் செக்ரட்டரியைப் பார்த்தேன். ஆடு மேய்க்கிறவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "பத்து நாளா ஆருக்கும் பதில் சொல்றதில்லீங்க" என்றார். நடந்தது என்னவென்றால், கடலைக்காட்டில் இவரும் ஐந்தாறு பேரும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். பளீரென்ற பகல். இவர் திடீரென்று நிமிர்ந்து, அக்கரையைப் பார்த்து, "வாரேன்" என்றாராம். யாருக்கும் எந்தக் கூப்பாடும் கேட்கவில்லை. பள்ளத்தைத் தாண்டிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

எனக்கு அந்த மாசி மாதம் ஞாபகம் வந்தது. நாலு நாள் ஒத்திகை. மூங்கிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கரிச்சான். அது என் குரலைப் படித்துவைத்துக்கொண்டு, ஒரு வருஷம் கழித்து அந்த மனிதரிடம் ஒப்பித்துவிட்டதா? மறுநாளே போனேன். யானைக்குப் பயந்து மாற்றல் வாங்கியவன் தானாக அங்கே திரும்பிப் போனேன் என்றால், என் பயத்தில் எது பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கதவு வந்திருந்தது. ஆட்டுப்பட்டியிலிருந்து கழற்றி மறுபடி கீலில் மாட்டியிருந்தார். முன்னால் ஒரு கல்லில், பள்ளத்துப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து "ஏனுங்க" என்றேன். திரும்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது. எதற்கும் இருக்கட்டும் என்று நாலாவதும் கூப்பிட்டேன். முன்னால் போய் நின்றேன். அவர் முகம் மலர்ந்து, "வாங்க தம்பி. எப்ப வந்தீங்க?" என்றார். வாய் சிவந்திருந்தது. வெற்றிலை.

"கூப்புட்டனுங்களே."

"கேட்டுச்சுங்க" என்றார். குற்றமாகவும் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. "இனி எதுக்குங்க? அவ மூணாவதும் கூப்புட்டுட்டா. போய்ட்டு வந்துட்டேன்."

"அங்க என்னுங்க இருந்துச்சு?"

வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "மூங்கி பூத்திருக்குதுங்க" என்றார்.

அப்போதுதான் அக்கரையைப் பார்த்தேன். காடு முழுக்கப் பச்சை போய் வைக்கோல் நிறத்தில் நின்றது. கிளைகளின் நுனியெல்லாம் கொத்துக்கொத்தாக நெல் மாதிரிப் பூ. பூத்துவிட்டது, இனி அவ்வளவுதான்.

கேட்டே ஆக வேண்டும் என்று கேட்டேன். இழுத்துக் கூப்பிட்டாளா, வெட்டினாற்போல இருந்ததா? அவர் சிரித்தார். பாதி மாப்பிள்ளை பாதி சாமியாராக இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு. இந்த முறை சிரித்து முடிக்கும்வரை யாரும் கூப்பிடவில்லை.

கரிச்சான்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அது என்னிடம் படித்தது. அப்படியானால் தப்பு என்னுடையது, தப்பு என்றாலும் அது மனுஷத் தப்பு, அதோடு வாழ்ந்துவிடலாம். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மொபெட் பக்கம் பத்தடி நடந்திருப்பேன்.

அக்கரையிலிருந்து, பூத்த மூங்கிலுக்குள்ளிருந்து, ஒரு கூப்பாடு வந்தது.

அவர் திரும்பவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். கடலைக்காட்டில் தலைத்துண்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து அசையாமல் நின்றன. ஆக, எனக்கு மட்டும் கேட்டதில்லை. வெட்டினாற்போல இருந்திருந்தால் என் குரலை நானே அடையாளம் கண்டு, சிரித்துவிட்டு வந்திருப்பேன். அது இழுத்து இருந்தது. கடைசியில் கொஞ்சம் கம்மிப்போயிற்று.

கூப்பிட்டது அவரை இல்லை. அவர்தான் போய்விட்டு வந்துவிட்டாரே. பின்னே யாரை என்று யோசிப்பதற்குள், என் அனுமதி இல்லாமலே என் வாய், முதல் கூப்பாட்டுக்கே, "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டது.

அன்றைக்கு மட்டும் மொபெட் ஒரே மிதியில் கிளம்பியது. இரண்டாவது தடவை கூப்பிட்டதா என்று தெரியாது. அப்புறம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. இப்போது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சிரிக்கச் சிரிக்க எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்வேன், யானை வருகிற இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். உங்களுக்குத்தான் மீதியையும் சொல்லியிருக்கிறேன்.

வாரேன் என்று சொல்லிப்போட்டேன். இன்னும் போகவில்லை.